காலண்டர் தாளின் பின்பக்கம்: ஏடிஹெச்டியோடு மூன்று வருடம்

முப்பத்து நான்கு வயதில் எனக்கு ஏடிஹெச்டி என்று உறுதியானது. கவனம் ஓரிடத்தில் நிற்காமல் சிதறுவது, நினைத்ததை அடக்க முடியாமல் அவசரப்படுவது என்று சிறுவயதிலிருந்தே தொடரும் குறைபாடு இது. இப்போது முப்பத்தேழு. இந்த மூன்று வருடத்தில் நான் வாங்கிப் பார்த்தவை, பழகிப் பார்த்தவை, கைவிட்டவை, இன்றும் கையில் இருப்பவை எல்லாவற்றையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஏடிஹெச்டி உள்ள எங்களுக்கு எந்தப் பொருளும் முதல் மாதம் நன்றாகத்தான் உழைக்கும். புதுசு என்பதே எங்கள் மூளைக்கு ஒரு தீனி. அதனால் ஆறு மாதம் தாண்டியும் நின்றதை மட்டுமே நம்பி இங்கே பரிந்துரைக்கிறேன்.

கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாதாமாதம் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி என்று ஜிஎஸ்டி வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கெடு வந்து கழுத்தைப் பிடிக்கிற வேலை எதையும் தவறவிட்டதில்லை. தவறியதெல்லாம் யாரும் விரட்டாத வேலைகள். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். கணக்கில் பணம் இருந்தும் இணைப்பைத் துண்டிக்கும்வரை கட்டாமல் இருந்திருக்கிறேன். மகளின் பள்ளிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டிய படிவம், தைக்கக் கொடுத்து மூன்று மாதமாக வாங்காத ரவிக்கை, அடுப்பில் வைத்த பால். "இவ்வளவு படிச்சிருக்கே, இதுகூட முடியாதா?" என்ற கேள்வியைப் பத்து வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான்.

முதலில் பார்த்த மருத்துவர், வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறவர்களுக்கு இது இருக்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு வருடம் அதையே நம்பினேன். இரண்டாவதாகப் போன மனநல மருத்துவர் இரண்டு நாள் உட்கார வைத்துப் பேசினார். தூக்கம், தைராய்டு, ரத்தத்தில் இரும்புச்சத்து எல்லாவற்றையும் விசாரித்தார். மனநல மருத்துவர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடான, 2013இல் வந்த டிஎஸ்எம்-5இன் வரையறைப்படி அறிகுறிகள் சில பன்னிரண்டு வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். வீடு, வேலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். அதனால் அம்மாவை அழைத்து வரச் சொன்னார். அம்மா என்னுடைய பழைய ரேங்க் கார்டுகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். மூன்று வகுப்பு, மூன்று ஆசிரியர்கள், மூன்று கையெழுத்து. 'கெட்டிக்காரி, கவனம் சிதறுகிறது' என்பதையே மூவரும் எழுதியிருந்தார்கள். அன்று அம்மா பேருந்தில் ஊர் வந்து சேரும்வரை என் கையை விடவில்லை.

சரி, பொருள்களுக்கு வருகிறேன்.

கைபேசிச் செயலிகள் மூன்றை வரிசையாகப் பயன்படுத்தினேன். ஒன்றுக்குப் பணமும் கட்டினேன். எதுவுமே ஐந்து வாரம் தாண்டவில்லை. குறை செயலியில் இல்லை. வேலையைக் குறிக்கக் கைபேசியை எடுத்தால் வாட்ஸ்அப் அங்கேயே இருக்கிறது. எடுத்த காரியம் கை சேர்வதற்குள் மறந்துவிடும். நினைவூட்டல் சத்தமும் அப்படித்தான். அது அடிக்கும்போது கையில் மாவு இருக்கும். அணைத்தால் அதோடு போயிற்று. என் கண்ணுக்கு எதிரே இல்லாத வேலை என்னைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் மற்ற எல்லாம் சரியாக அமைந்தன.

இரண்டரை வருடமாக நிற்பது தினசரி காலண்டர் தாள். நகைக்கடையில் இலவசமாகக் கொடுப்பார்களே, ராகு காலம், எமகண்டம் போட்டது, அதேதான். முந்தைய நாளின் தாளைக் காலையில் கிழித்ததும் அதன் பின்பக்கத்தில் அன்றைய வேலைகளைத் தடித்த பேனாவால் எழுதுவேன். உள்ளங்கை அகலத் தாளில் மூன்று வேலைக்கு மேல் இடமில்லை. நோட்டில் எழுதிய காலத்தில் பதினெட்டு வேலை எழுதி, பார்த்ததும் நெஞ்சு அடைத்து, மூடி வைத்துவிடுவேன். தாளுக்கு அந்தக் கனம் இல்லை. சமையல் மேடைக்கு எதிரே கிளிப்பில் மாட்டுகிறேன், அலுவலகம் போகும்போது சாப்பாட்டுப் பை மூடியில் செருகிக்கொள்கிறேன். இரவில் அதன் ஆயுள் முடிந்துவிடும். முடியாத வேலையை மறுநாள் தாளில் என் கையாலேயே திரும்ப எழுத வேண்டும்.

இதில் நானாகக் கண்டுகொண்ட ஒரு வழக்கம் உண்டு. ஒரு வேலையை மூன்றாவது நாளும் எழுதுகிறேன் என்றால் வேலையைப் பெரிதாக எழுதியிருக்கிறேன் என்று அர்த்தம். 'வங்கிக்குப் போக வேண்டும்' ஆறு நாள் தாளிலேயே கிடந்தது. ஏழாவது நாள் 'பாஸ்புக்கைத் தேடி எடுத்துப் பையில் வை' என்று மாற்றினேன். அன்று மாலையே வைத்துவிட்டேன், மறுநாள் வங்கிக்குப் போய் வந்தேன். முதல் அசைவு என்ன என்று தெரியாத வேலையை எங்களால் தொடங்க முடிவதில்லை. பார்ப்பவர்களுக்கு அது சோம்பலாகத் தெரிகிறது.

ஆரம்பத்தில் ஒரு சிக்கல் வந்தது. எங்கள் வீட்டில் காலண்டர் தாளைக் கிழிப்பது அத்தையின் வேலை. குளித்து, விளக்கேற்றி, அப்புறம்தான் கிழிப்பார். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். "நான் கிழிச்சு உன்ற கையிலயே குடுத்தர்றேன் கண்ணு" என்றார். அன்று முதல் ஒரு நாளும் தவறியதில்லை. நான் எழுத மறந்தாலும் தாள் காபி டம்ளரோடு வந்துவிடுகிறது. இந்த முறை இத்தனை நாள் நீடிக்க அத்தைதான் காரணம்.

அடுத்து, சாவி கொடுத்துத் திருகும் டைமர். வேலை நேரத்தை 25 நிமிடத் துண்டுகளாகப் பிரிக்கும் பொமோடோரோ முறையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1980களின் இறுதியில் இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்து உருவாக்கியது அது. எனக்கு 25 நிமிடம் ஒத்துவரவில்லை. பிடிக்காத வேலைக்கு 12, பிடித்த வேலைக்கு 40 வைக்கிறேன். பிடித்த வேலைக்கு எதற்கு டைமர் என்று கேட்கலாம். அதில்தான் நாங்கள் சாப்பாடு, தண்ணீர் மறந்து மூழ்கிப்போகிறோம். டிக் டிக் சத்தம் நேரம் கழிவதைக் காதுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பதினான்கு மாதத்தில் முதல் டைமரின் ஸ்பிரிங் தளர்ந்து, மணி அடிக்காமலே நின்றுவிட்டது. இப்போது இருப்பது இரண்டாவது. அலுவலகத்தில் சத்தம் தொந்தரவு என்பதால் வீட்டுக்கு மட்டும்.

பாலுக்கு விசில் அடிக்கும் பால் குக்கர். வேறென்ன சொல்ல, மூன்று வருடத்தில் ஒருமுறைகூடப் பால் பொங்கி அடுப்பைத் துடைக்கவில்லை. இரண்டு சுவருக்கு நடுவே தண்ணீர் ஊற்ற மட்டும் மறக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றும் செம்பைக் கழுவிக் குக்கருக்குள்ளேயே வைத்துவிடுகிறேன்.

மருந்து பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பயமும் அதில்தான் அதிகம். எனக்கு எழுதிக் கொடுத்தது மெத்தில்ஃபெனிடேட். மூளையில் டோபமின், நார்அட்ரினலின் ஆகியவை கூடுதல் நேரம் தங்க உதவுவது. இந்தியாவில் இது எக்ஸ் அட்டவணை மருந்து, அதாவது விற்பனைக்குக் கடுமையான கட்டுப்பாடு உள்ள மருந்து. தனி உரிமம் உள்ள கடையில்தான் விற்கலாம். மருத்துவரின் சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் பத்திரப்படுத்த வேண்டும். எங்கள் ஊரில் நான் விசாரித்த கடைகளில் இல்லை. மாதாமாதம் திருச்சி போய் வருகிறேன். வேலைகளை மறக்கிறவர்களுக்கான மருந்தை வாங்குவதே இத்தனை படி ஏறும் வேலையாக இருப்பது எனக்கு ஆற்றாமைதான். மாத்திரை தீர ஏழு நாள் இருக்கும்போது அட்டையில் சிவப்பு மையால் கோடு போட்டு வைக்கிறேன்.

அது என்ன செய்தது? தொடங்குவதற்கு முன் இருக்கும் சுவரைத் தாழ்த்தியது. ஒரே சமயத்தில் நான்கு ரேடியோ பாடுவது போன்ற இரைச்சல் தணிந்தது. எந்த வேலையைத் தொடங்குவது என்பதை அது சொல்லாது. மாத்திரை போட்ட முதல் வாரம் நாலு மணி நேரம் அலமாரி அடுக்கினேன், கரண்ட் பில் அப்படியே கிடந்தது. அதனால் தாளும் மாத்திரையும் சேர்ந்துதான் எனக்கு. மதியப் பசி குறைந்து முதல் இரண்டு மாதத்தில் எடை இறங்கியது. காலைச் சாப்பாட்டை முடித்த பிறகே மாத்திரை என்று மாற்றியதும் நின்றது. ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு இரண்டையும் ஒவ்வொரு முறையும் மருத்துவர் பார்க்கிறார். அளவை இங்கே எழுதவில்லை. அது ஆளுக்கு ஆள் மாறும். வேறொருவர் சீட்டைப் பார்த்து யாரும் தொடங்க வேண்டாம்.

ஞாயிறு காலை பத்து மணிக்குத் திருப்பூரில் இருக்கும் தங்கைக்கு வீடியோ அழைப்பு. அவள் அங்கே துணி மடிப்பாள், நான் இங்கே மடிப்பேன். பேச்சு அதிகம் இருக்காது. கிணற்றடிக்கோ தோட்டத்துக்கோ துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிப் போவது நம் வீடுகளில் எப்போதும் இருந்ததுதானே, அதேதான் இது. பக்கத்தில் ஒருவர் இருந்தால் என்னால் உட்கார முடிகிறது.

இன்னும் சரியாகாதவை உண்டு. அடுத்தவர் பேசி முடிக்கும் முன் குறுக்கிடுவதை நிறுத்த முடியவில்லை. இரவு கைபேசியை வைக்க முடிவதில்லை. வேறு அறையில் சார்ஜ் போட்டுப் பார்க்கிறேன், வாரத்தில் நான்கு நாள் முடிகிறது.

காலண்டர் முறையைப் பழக நினைப்பவர்கள் ஒன்றைக் கவனித்து வாங்குங்கள். சில கடைக்காரர்கள் தாளின் பின்பக்கத்தில் சமையல் குறிப்பு, பொன்மொழி என்று அச்சடித்து நிரப்பிவிடுகிறார்கள். அது உதவாது. பின்பக்கம் வெள்ளையாக இருக்க வேண்டும், பேனா மை மறுபக்கம் ஊறாத கனம் வேண்டும். போன மார்கழியில் ஐந்து காலண்டர் வந்ததில் அத்தை அத்தனையையும் திருப்பித் தடவிப் பார்த்து, ஒன்றை எனக்கென்று எடுத்து வைத்தார்.