மேக்கு பாத்த ஜன்னலுக்கு எது சரி: டபுள் கிளாஸா, கோட்டிங் கிளாஸா, வெளில தட்டியா?

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் மாடி எடுக்குறவங்க ஜன்னலுக்கு கொட்டேஷன் கேக்கப் போனா மொத பேச்சே "டபுள் கிளாஸ் போடுங்க சார், ஏசி பில்லு பாதியாயிடும்"னு தான் ஆரம்பிக்குது. பாதியெல்லாம் ஆகாது. கணக்கு போட்டே பாத்துடலாம்.

நாலுக்கு நாலு ஜன்னல், அதாவது சுமார் ஒன்றரை சதுர மீட்டர். மே மாசம் சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு சதுர மீட்டர் கண்ணாடி மேல 500 வாட் வெயில் விழுதுன்னு வச்சுக்கோங்க, சாதா ஒத்தைக் கண்ணாடி அதுல 80 சதவீதத்துக்கு மேல உள்ள விட்டுடும், அப்ப 600 வாட்டுக்கு மேல வெயிலாவே வந்துடுது. வெளில 36 டிகிரி, உள்ள 26ன்னா அந்த வித்தியாசத்தால கண்ணாடி வழியா கடந்து வர்ற சூடு வெறும் 85 வாட் தான். ரெண்டும் சேத்தா கிட்டத்தட்ட 700. ஒரு டன் ஏசி வெளியேத்துற சூடே 3,500 வாட், அதுல அஞ்சுல ஒரு பங்கை இந்த ஒரு ஜன்னலே தின்னுடுது!

டபுள் கிளாஸ்னா நடுவுல இடைவெளி விட்டு சீல் பண்ணின ரெண்டு கண்ணாடி. அது முக்கியமா குறைக்கிறது அந்த 85ஐ. அது பாதியாகும், சரி. ஆனா ரெண்டாவது கண்ணாடியும் தெளிவான கண்ணாடி தானே, வெயில் கொஞ்சம் தான் குறையும். வெளில பனி கொட்டுற ஊர்ல 30 டிகிரி வித்தியாசம் இருக்கும், அங்க அது தங்கம். நமக்கு பிரச்சனை நேரா விழுற வெயில். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டு ஓரத்துல டிரெய்லர் சத்தம் தாங்கலன்னு போடுறீங்களா, தாராளமா போடுங்க, கரண்ட் மிச்சம்னு நம்பி மட்டும் போடாதீங்க.

கோட்டிங் கிளாஸ், அதாவது வெயில் சூட்டைத் தடுக்குற மெல்லிய பூச்சு போட்ட கண்ணாடி, வேற கதை. கடைல எஸ்எச்ஜிசி எவ்வளவுன்னு கேளுங்க, வெயில் சூட்டுல எவ்வளவு பங்கு உள்ள வருதுங்கிற நம்பர் அது. சாதா கண்ணாடிக்கு 0.8க்கு மேல, நல்ல கோட்டிங்குக்கு 0.4 இல்ல அதுக்கும் கீழ, அதாவது அந்த 600 அப்படியே பாதியாயிடும். ஒத்தைக் கண்ணாடியா போட்டா ஹார்ட் கோட் (கண்ணாடியோட ஒட்டிப்போன கெட்டிப் பூச்சு) தான் கேக்கணும், சாஃப்ட் கோட்ட (மென்மையான பூச்சு) ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல சீல் பண்ணி வச்சா தான் நிக்கும், நம்ம உப்புக் காத்துல திறந்து கிடந்தா சீக்கிரமே கெட்டுடும். வெறும் கறுப்பு டின்ட் கிளாஸ இதோட குழப்பிக்காதீங்க. அது வெயில தானே குடிச்சு சூடாகி அதுல ஒரு பங்கை உள்ள தள்ளும், நாலு மணிக்கு உள்பக்கம் கை வச்சுப் பாத்தா சுடும். பகல்லயே லைட் போட வேண்டியதாவும் ஆயிடும்.

சன்ஷேட் இருக்கேன்னு கேப்பீங்க. தெக்கு பக்கம் நல்லாவே வேலை செய்யும், மேக்குல சாயங்கால வெயில் தாழ்வா வருது, ரெண்டு அடி சன்ஷேட்டோட நிழல் நாலு மணிக்கு ஒன்றரை அடி கூட இறங்காது, அஞ்சு மணிக்கு வெயில் பெரும்பாலும் உள்ள பூந்துடும். அதான் வெளிப்பக்கம் மூங்கில் தட்டி. நெருக்கமா பின்னினதா இருந்தா பெரும்பகுதி வெயில் கண்ணாடிய தொடவே தொடாது, சூடான தட்டி வெளிக் காத்துலயே ஆறிடும். உள்ள கனமா திரை போட்டாலும் இது வராது, கண்ணாடிய தாண்டின சூடு ரூமுக்குள்ள வந்த சூடு தான். தட்டிக்கு குறையும் உண்டு, நவம்பர் டிசம்பர் புயலுக்கு சுருட்டி இறுக்கிக் கட்டணும், சில வருஷத்துல மாத்தணும், மூணாவது மாடிக்கு மேல காத்து பிச்சு எடுத்துடும். அந்த உயரத்துல கோட்டிங் கிளாஸே போயிடுங்க. ஒண்ணு ரெண்டு மாடி வீட்டுக்கு சாதா கண்ணாடியும் வெளில தட்டியும் போதும், மிச்சமாகுற காசு பெருசு.

கிழக்கு பக்கமும் ஜன்னல் இருந்தா, அங்க கடல் காத்துக்கு பக்கவாட்டுல தள்ளுற ஸ்லைடிங் வேணாம். வீடுகளுக்கான மத்திய அரசோட மின்சிக்கன கட்டட விதி எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018, நம்ம மாதிரி புழுக்கமான ஊருக்கு தரைப்பரப்புல 16.66 சதவீதமாவது வெளிப்பக்கம் திறக்குற ஜன்னல், கதவா இருக்கணும்னு சொல்லுது. 120 சதுர அடி ரூமுக்கு 20 சதுர அடி. நாலுக்கு நாலு ரெண்டு கதவு ஸ்லைடிங்ல எவ்வளவு தள்ளினாலும் 8 தான் திறக்கும், கதவு மாதிரி திறக்குற ஜன்னல்ல கிட்டத்தட்ட 16ம் கிடைக்கும். மதியத்துக்கு மேல கடல் காத்து ஏறும்போது அந்த வித்தியாசம் உடம்புக்கே தெரியும்.

ஃபிரேம் யூபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) போடுங்க, அலுமினியம் அதைவிட பல நூறு மடங்கு சூட்டைக் கடத்தும். காசிமேடு ஓரம்னா கீல், ஸ்க்ரூ எல்லாம் 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு பில்லுல எழுதி வாங்கிடுங்க.