டெம்போவா, ரெகேட்டோனா? சாண்டோ டொமிங்கோவின் இளம் பாடகருக்கு எது தோது

டெம்போ (dembow; வேகத்தைக் குறிக்கும் 'டெம்போ' அல்ல) என்பது டொமினிக்கன் குடியரசின், அதன் தலைநகர் சாண்டோ டொமிங்கோவின் பேட்டை ஆட்ட இசை; ரெகேட்டோன் போர்ட்டோ ரிக்கோவில் வளர்ந்த ஸ்பானிஷ் மொழி ஆட்ட இசை. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: ஜமைக்கப் பாடகர் ஷப்பா ராங்க்ஸ் 1990-இல் பாடிய 'டெம் போ' பாட்டின் தாளம். வேகம்தான் வேறு. ரெகேட்டோன் நிமிடத்துக்கு 90–100 தாள அடி. டொமினிக்க டெம்போ பெரும்பாலும் 115-ஐத் தாண்டும்.

டெம்போவுக்குச் செலவு கம்மி. மடிக்கணினி, ஒரு மைக், திரும்பத் திரும்ப வரும் நாலைந்து சொல் போதும். பகலில் பதிவு செய்ததை ராத்திரியே பேட்டைக் கொண்டாட்டத்தில் ஓடவிட்டுப் பார்க்கலாம். ஆட்டம் நின்றால் பாட்டு தேறாது. சிக்கல், ஸ்பானிஷே பேசினாலும் மெக்சிகோக்காரருக்கு இந்தப் பேட்டைக் கொச்சை பாதி புரியாது. டொமினிக்கப் பாடகர் எல் ஆல்ஃபா டெம்போவோடேயே 2021-இல் நியூயார்க்கின் பெரிய அரங்கான மேடிசன் ஸ்கொயர் கார்டன் மேடை ஏறினார். அது பத்தாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு.

ரெகேட்டோனுக்கு மெட்டும் குரலும் நிற்கவேண்டும்; போட்டி போர்ட்டோ ரிக்கோ, கொலம்பியாவோடு. டொமினிக்க நகரமான சாண்டியாகோவில் பிறந்த பாடகி நாட்டி நட்டாஷா 2012-இல் போர்ட்டோ ரிக்கோவின் ரெகேட்டோன் பாடகர் டான் ஓமரோடு பாடிக் கவனம் பெற்றார். இன்னொரு போர்ட்டோ ரிக்கப் பாடகர் ஒசுனாவோடு பாடிய 'கிரிமினல்' பாட்டு வர 2017 ஆனது.

கையில் காசில்லாதவர் டெம்போவில் தொடங்கி, ஓடிய பாட்டுக்கு ரெகேட்டோன்காரரைச் சேர்த்து ரீமிக்ஸ் போடுவதே புத்திசாலித்தனம். ஆனால் பீட் (பாட்டின் பின்னணித் தாள இசை) செய்தவரின் வருமானப் பங்கை வெளியீட்டுக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்; பாட்டு ஓடியபின் பேசினால் தகராறுதான், பணமும் முடங்கும்.