ஊட்னடட்டா டிராக்கில் வாடகைக் கேரவன்: எடுக்கலாமா?

ஊட்னடட்டா டிராக் தென் ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஓடும் மண் ரோடு; கேரவன் என்பது காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சின்ன வீடு. எடுக்கலாம். ஆனால் கேரவன் வாடகைக்கு விடும் யார்டுக்கு வண்டி பார்க்கப் போகும்போது கட்டிலையும் டிவியையும் பார்த்து மயங்காதீர்கள். கதவு ரப்பரைத் தடவிப் பாருங்கள். கூரையில் தூசித் தடுப்பு ஹேட்ச் (காற்றை வடிகட்டி உள்ளே விடும் திறப்பு) இருக்கிறதா என்று கேளுங்கள். குனிந்து, தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் கல் தடுப்புத் தகடு அடித்திருக்கிறதா என்று பாருங்கள். குடும்பத்தோடு போய் வந்தபிறகு இந்த மூன்றும்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன.

நாங்கள் ஐந்து பேர்: நான், என் கணவர், 11 வயது மகள், 6 வயது மகன், முழங்கால் வலியோடு மாமனார். ஜூலை பள்ளி விடுமுறையில் அடிலெய்டில் ஒரு யார்டில் பங்க் படுக்கை (ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள கட்டில்) வைத்த, கரடுமுரடான பாதைக்கான ஆஃப்-ரோடு கேரவனை வாடகைக்கு எடுத்தோம். இழுத்தது எங்கள் லேண்ட்குரூசர். மாரீயில் டிராக்கில் ஏறி, வில்லியம் கிரீக், ஊட்னடட்டா வழியாக மார்லாவில் தார் ரோட்டைப் பிடித்து, கூபர் பீடி பக்கமாகத் திரும்பினோம். கேரவன் 20 அடி நீளம். காலியாக 2,400 கிலோ; தண்ணீர், சாமான் எல்லாம் சேர்த்து 3,000 கிலோவைத் தாண்டக் கூடாது என்று தகட்டில் இருந்தது. வாடகை ஓர் இரவுக்கு 230 டாலர்.

அந்த ரோட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த வண்டியைப் பற்றிச் சொல்ல முடியாது. மாரீயிலிருந்து மார்லா வரை சுமார் 620 கிலோமீட்டர், முழுக்க மண் ரோடு. வண்டிகள் வேகமாகப் போய்ப் போய், சக்கரம் குதித்துக் குதித்து, மண் வரிவரியாக மடிந்து கிடக்கும். இங்கே எல்லோரும் அதை ‘கொரகேஷன்’ என்பார்கள். மணிக்கணக்கில் அந்த அதிர்வு நிற்காது. ஒரு கேரவனின் உண்மையான தரம் அங்கேதான் தெரியும்.

முதலில் தூசி. ஓடும் கேரவனுக்குள் காற்றழுத்தம் குறைகிறது. அதனால் எந்தச் சந்து கிடைத்தாலும் வெளியே கிளம்பும் புழுதியை வண்டியே உள்ளே இழுத்துக்கொள்ளும். குங்குமம் போல நைஸான சிவப்பு மண் அது. துணியில் பட்டால் லேசில் போகாது. எங்கள் வண்டியின் கூரையில் முன்பக்கம் பார்த்தபடி வடிகட்டியோடு ஒரு ஹேட்ச் இருந்தது. ஓடும்போது அதைத் திறந்து வைத்தால், வடிகட்டிய காற்று உள்ளே புகுந்து அழுத்தத்தை ஏற்றி, மற்ற சந்துகள் வழியாகத் தூசி வராமல் தள்ளிவிடும். யார்டில் இருந்த பெரியவர் கதவின் அடியில் உள்ள காற்றுத் துளையைக் காட்டி, ஓட்டும்போது மட்டும் டேப் ஒட்டச் சொன்னார். கேஸ் அடுப்பு உள்ள வண்டியில் அந்தத் துளை பாதுகாப்புக்காகக் கட்டாயம் இருக்க வேண்டும். நிறுத்திய உடனே முதல் வேலையாக டேப்பைக் கிழிக்க வேண்டும். அந்த வேலையை மகளிடம் கொடுத்தோம். ஒருநாளும் அவள் மறக்கவில்லை.

மாரீ தாண்டிய முதல் நாள் மாலை கதவைத் திறந்தபோது தரை சுத்தமாக இருந்தது. எனக்கு நிஜமாகவே சந்தோஷம். பிறகு கீழ் பங்குக்கு அடியில் உள்ள டிராயரை இழுத்தேன். மகனின் சட்டைகள் மேல் ஒரு மூலையிலிருந்து விசிறி விரித்தாற்போல் சிவப்பு படிந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், காரிலிருந்து கேரவனுக்கு மின்சாரம் கொண்டுவரும் ஆண்டர்சன் பிளக்கின் ஒயர் தரையைத் துளைத்து மேலே வரும் இடத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. இரண்டு டாலர் சிலிகோன் பசை பூசியிருந்தால் முடிந்திருக்கும் வேலை. ஹேட்ச் செய்த நல்ல காரியத்தை அந்த ஓட்டை கெடுத்தது. ஒரு பழைய துணியைச் சுருட்டித் திணித்தோம், அதற்குப் பிறகு தூசி இல்லை. நீங்கள் எடுத்தால், வண்டியை வாங்கும்போதே எல்லா டிராயரையும் வெளியே எடுத்து, அடித்தரையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

அதிர்வைப் பொறுத்தவரை அடிப்பாகத்துக்கு முழு மதிப்பெண். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித் தனி சஸ்பென்ஷன், காயில் ஸ்பிரிங், இரட்டை ஷாக் அப்சார்பர். டயர் காற்றை 28 பிஎஸ்ஐக்கு இறக்கி, 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வண்டி பின்னால் இருப்பதே தெரியவில்லை. ஆனால் ‘ஆஃப்-ரோடு’ என்ற ஸ்டிக்கரின் தரம் சேசிஸோடு, அதாவது அடிச்சட்டத்தோடு, நின்றுவிட்டது. அதற்கு மேலே இருப்பது சாதாரண வீட்டு அலமாரி. மேல் அலமாரியின் கீல் திருகுகள் கழன்றன, பங்க் ஏணியின் கொக்கி ஆடியது, மைக்ரோவேவ் தன் இடத்திலிருந்து ஒரு விரல்கடை முன்னால் நகர்ந்து வந்திருந்தது. இரவு சாப்பாடு முடிந்ததும் ஸ்குரூ டிரைவரோடு ஒரு சுற்று வருவது என் கணவரின் வழக்கமானது. யார்டு பெரியவர் சொல்லி அனுப்பியதும் அதைத்தான்: “சத்தம் கேட்டா நிறுத்துங்க. கேட்டுக்கிட்டிருந்த சத்தம் திடீர்னு நின்னாலும் நிறுத்துங்க.” அப்படி ஒரு சத்தம் திடீரென்று நின்றபோது இறங்கிப் பார்த்தோம். ஜாக்கி கைப்பிடி அதன் கிளிப்பிலிருந்து கழன்று ஒற்றைப் பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது.

தண்ணீர் விஷயத்தில்தான் இந்த யார்டுக்கு நான் நன்றியும் சொல்ல வேண்டும், குறையும் சொல்ல வேண்டும். 95 லிட்டர் தொட்டி இரண்டு. சிக்கனமாக இருந்தால் எங்கள் ஐந்து பேருக்கும் நாலைந்து நாள் தாங்கும். வழியில் கிடைப்பது பெரும்பாலும் போர் தண்ணீர், உப்புக் கரிக்கும், குடிக்க ஆகாது. அதனால் குடிநீரைத் தனியாக ஜெர்ரி கேனில் காரிலேயே வைத்திருந்தோம். இரண்டு தொட்டிக்கும் நடுவே உள்ள வால்வை மூடி வைத்துவிட்டு, ஒன்று தீர்ந்தபிறகு மற்றதைத் திறக்கும்படி பெரியவர் சொல்லியிருந்தார். வில்லியம் கிரீக்குக்கு அப்பால் ஒரு கல் தெறித்து முன் தொட்டியின் வடிகால் குழாயை உடைத்தது. நாங்கள் கவனிப்பதற்குள் அந்தத் தொட்டி முழுக்கக் காலி. வால்வு மூடியிருந்ததால் மற்ற 95 லிட்டர் அப்படியே இருந்தது. அடுத்த ஊர் 150 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்போது, சின்னப் பிள்ளைகளும் வயதானவரும் கூட இருக்கும்போது, அந்தத் தொட்டி நிறைந்திருக்கிறது என்று தெரிவது எவ்வளவு பெரிய நிம்மதி!

மின்சாரம் குறையில்லை. 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி, கூரையில் 400 வாட் சோலார், 2,000 வாட் இன்வெர்ட்டர். ஃபிரிட்ஜ் 12 வோல்ட் கம்ப்ரசர் வகை என்பதால் ஒருநாளும் சிரமம் தரவில்லை. இண்டக்‌ஷன் அடுப்பு எடுத்துப் போக நினைப்பவர்கள் ஒரு கணக்கு போட்டுக்கொள்ளுங்கள்: 1,500 வாட்டில் அரை மணி நேரம் ஓடினால் 65 ஆம்பியர்-அவருக்கு மேல் போய்விடும், அதாவது பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு. நாங்கள் குக்கரைக் கேஸிலேயே வைத்தோம். ஏசி பேட்டரியில் ஓடாது. கோடையில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல் போதும்: ஊட்னடட்டாவில் 1960 ஜனவரி 2ஆம் தேதி 50.7 டிகிரி பதிவானது. இங்கே குளிர்காலமான ஜூலையில் பகல் இதமாக இருக்கும், இரவு நடுங்கும். டீசல் ஹீட்டர் இல்லாத வண்டியை எடுக்காதீர்கள்.

மாமா வருவதற்கு முதலில் தயங்கினார். “ஏம்மா, ராத்திரி எழுந்திரிச்சா பிள்ளைங்க மேல மிதிச்சுட்டுப் போகணுமா?” என்றார். அதனால் அவருக்கு முன்பக்கக் கட்டிலைக் கொடுத்துவிட்டு, நாங்கள் இருவரும் மேசையை இறக்கி அமைக்கும் படுக்கையில் படுத்தோம். இருவர் படுக்கை என்று போட்டிருக்கிறார்கள், நிஜத்தில் ஒன்றரைப் பேருக்குத்தான் இடம். பிள்ளைகள் பங்கில் சுகமாகத் தூங்கினார்கள், இருவருக்கும் தனித் தனி ஜன்னல், தனித் தனி விளக்கு. கதவருகே உள்ள மடக்குப் படி மாமாவுக்கு உயரம். பெட்ரோல் பங்க் கடையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கிப் போட்டோம். உள்ளேயே கேசட் டாய்லெட் (கழிவுப் பெட்டியைக் கழற்றிக் கொட்டும் வகை) இருந்தது அவருக்கு மிகப் பெரிய வசதி. பாலைவனக் குளிரில் இருட்டில் வெளியே போக வேண்டியதில்லை. முதியவர்களை அழைத்துப் போகிறவர்கள் கூடாரம் வேண்டாம், கேரவன் எடுங்கள் என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும். கேசட்டைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது, ஊர்களில் அதற்கென்று இருக்கும் டம்ப் பாயிண்டில்தான் கொட்ட வேண்டும்.

தங்கிய இடங்களில் என் மனதில் நிற்பது கவர்ட் ஸ்பிரிங்ஸ். ‘கான்’ என்ற ரயில் ஓடிய பழைய பாதையின் நிறுத்தம் அது. ரயில் இந்தப் பாதையில் 1980இல் நின்றுபோனது. அதற்கும் முன்னால், 1872இல் முடிந்த தந்திக் கம்பியும் இதே ஊற்றுகளை ஒட்டித்தான் போனது, வேறு எங்கும் தண்ணீர் கிடையாது. பூமிக்கடியில் உள்ள கிரேட் ஆர்ட்டீசியன் படுகையின் நீர் அங்கே இளஞ்சூடாக மேலே வருகிறது. மரக்கட்டை வைத்துக் கட்டிய சின்னத் தொட்டியில் பேரனும் தாத்தாவும் கழுத்தளவு உட்கார்ந்துவிட்டார்கள், கூப்பிட்டால் வரவில்லை. பக்கத்தில் பேரீச்சை மரங்கள். அங்கே மின் இணைப்பு கிடையாது. நம் பேட்டரியும் சோலாரும்தான். கட்டி தண்டா–ஏர் ஏரியின் தென்பகுதியை ரோட்டோர மேட்டிலிருந்தே பார்க்கலாம். கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் உப்புப் பரப்பு. அந்த மண்ணின் பூர்வகுடிகளான அரபானா மக்களுக்கு அது புனிதமான இடம், அதனால் நாங்கள் ஏரிப் படுகையில் இறங்கவில்லை. 1892இல் முடிந்த அல்ஜிபக்கினா பாலத்தின் கீழே என் மகள் அண்ணாந்து பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தாள். 578 மீட்டர் இரும்பு, சுற்றிலும் ஆள் அரவமே கிடையாது.

ஒப்பந்தத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் படியுங்கள். பல யார்டுகள் மண் ரோட்டில் போனால் காப்பீடு செல்லாது என்று எழுதியிருப்பார்கள். ‘ஆஃப்-ரோடு வண்டிதான், போகலாம்’ என்று வாயால் சொல்வது உதவாது. நாங்கள் ஊட்னடட்டா டிராக் என்று பெயர் போட்டே மின்னஞ்சலில் அனுமதி வாங்கினோம். மழை பெய்தால் அரசு இந்த ரோட்டை மூடிவிடும், மூடிய ரோட்டில் ஓட்டினால் அபராதம். அப்படி மாட்டிக்கொண்டு தாமதமானால் கூடுதல் கட்டணம் கிடையாது என்பதையும் எழுத்தில் தந்தார்கள். இது இந்த யார்டிடம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சில இடங்களில் கேட்டபோது, ஒவ்வொரு தாமத நாளுக்கும் ஒன்றரை மடங்கு வாடகை என்றார்கள்.

இனி குறை. திரும்பக் கொடுத்தபோது உடைந்த குழாய்க்கு 180 டாலரை எங்கள் வைப்புத்தொகையில் பிடித்துவிட்டார்கள். அடிப்பாகச் சேதம் காப்பீட்டில் வராது என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் மண் ரோட்டுக்கென்று வாடகைக்கு விடும் வண்டியில், தொட்டிக்கு முன்னால் கல் தடுப்புத் தகடு இல்லாமல் அனுப்பியது யார் பொறுப்பு? நான் எடுத்து வைத்திருந்த படங்களை அனுப்பினேன்: வெறுமையாகத் தொங்கும் குழாய், ஒயர் ஓட்டை, கழன்ற கீல். இரண்டு வாரம் மின்னஞ்சல் போய் வந்தது. கடைசியில் 90 டாலர் திரும்பி வந்தது. முழுத் தொகையும் வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து, இன்றும் அதில் மாற்றமில்லை.

அடுத்த ஜூலைக்கும் அதே யார்டில்தான் முன்பணம் கட்டியிருக்கிறோம், இந்த முறை ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடர் பக்கம். மாமாவும் வருகிறார். தொட்டிகளுக்கு முன்னால் தகடு போட்டுத் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வண்டியை எடுக்கும் அன்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் மீதிப் பணம் தருவேன்.