“குறைய ஓடின” டுகாட்டி: அட்வான்ஸ் போடுமுன் பெல்ட்டைப் பாருங்கள்

இத்தாலி மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கான விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: டுகாட்டி எஸ்.ரி.4எஸ், 2002ஆம் ஆண்டு, 19,000 ஓடியது, கராஜில் மூடி வைத்தது, ஒரு வேலையும் இல்லை, ஏறி ஓடலாம். வாங்கியவர் கல்முனைக்காரர். விற்றவர் மேல் மாகாணத்தில் பழைய பெரிய பைக்குகளை எடுத்து விற்கும் வியாபாரி. முறைப்பாடு நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. ஆனால் இதே கதையைச் சொல்லி கிழக்கில் வேறு ஆக்களுக்கும் பைக் தள்ளப் பார்க்கிறார்கள். அதனால் நடந்ததையும், அந்த பைக்கைப் பிரித்தபோது கண்டதையும், அதை முன்பே எப்படிப் பிடித்திருக்கலாம் என்பதையும் எழுதி வைக்கிறோம்.

“இண்டைக்குப் பின்னேரம் இன்னொராள் காசோட வாறார் தம்பி” என்று சொல்லி முதலில் இரண்டு இலட்சம் வங்கியில் போட வைத்தார்கள். பைக்கை நேரில் பார்க்கவில்லை, படம் மட்டும்தான். மிச்சக் காசு பைக் வந்து இறங்கினதும் என்று பேச்சு. லொறி வந்தது இரவில். இறக்கும்போதே எஞ்சின் சூடாக இருந்தது. கேட்டதற்கு, ஏற்றி இறக்க ஸ்ராட் பண்ணினது என்றார்கள். போன் வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்து, காசு கொடுத்து, திகதி போடாமல் கையெழுத்து மட்டும் வைத்த மாற்றப் படிவங்களை வாங்கியாயிற்று. சில கிழமை நன்றாக ஓடியது. பிறகு செங்கலடி – பதுளை வீதியில், மகா ஓயாவுக்கு இந்தப் பக்கம், ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் ஒரு சத்தத்தோடு நின்றது. முன் சிலிண்டரின் ரைமிங் பெல்ட் (வால்வுகளை இயக்கும் கேம் தண்டைச் சுற்றும் பல் வைத்த பட்டி) பல் உதிர்ந்து, வால்வுகள் வளைந்து, பிஸ்டன் தலையில் அடையாளம் விழுந்திருந்தது. வியாபாரியின் பதில்: “ஓட்டினது நீங்க, உடைஞ்சது உங்கட கையில.”

இங்கே பொறியே அந்த “குறைய ஓடினது” என்ற சொல்தான். ஜப்பான் பைக்கில் குறைந்த கிலோமீற்றர் என்றால் பெரும்பாலும் நல்ல செய்தி. அதன் கேம் ஓடுவது இரும்புச் சங்கிலியில். 1997இல் எஸ்.ரி.2 உடன் தொடங்கிய டுகாட்டி எஸ்.ரி. வரிசையிலோ, சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு றப்பர் பெல்ட். 20,000 கிலோமீற்றரில் அல்லது இரண்டு வருடத்தில், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்பது கணக்கு. இந்த “இரண்டு வருடம்” என்ற பாதியைத்தான் எல்லா வியாபாரிகளும் மறந்துவிடுகிறார்கள். ஓடாமல் நின்ற பைக்கில் பெல்ட் ஒரே இடத்தில் மடிந்தபடி இறுகிப்போகும். பல்லின் அடியில் நுண்ணிய வெடிப்பு விழும். மறுபடி ஓடத் தொடங்கியதும் அந்த இடம்தான் முதலில் போகும். மூன்று வருடமாக வாரம்தோறும் ஓடி, பெல்ட் மாற்றிய பற்றுச்சீட்டோடு 45,000இல் நிற்கும் பைக், பத்து வருடம் போர்வைக்குள் கிடந்த 19,000 பைக்கைவிட எவ்வளவோ மேல். விலை மட்டும் தலைகீழாகச் சொல்வார்கள்.

பெல்ட் போனால் ஏன் இவ்வளவு சேதம்? சாதாரண எஞ்சினில் வால்வைத் திறப்பது கேம், மூடுவது ஸ்பிரிங். டுகாட்டியின் டெஸ்மோ அமைப்பில் மூடுவதற்கும் தனி ரொக்கர் (கேம் தள்ள, வால்வை அசைக்கும் சிறு நெம்பு) இருக்கிறது. பெல்ட் அறுந்ததும் கேம் நின்ற இடத்திலேயே வால்வும் திறந்தபடி நிற்கும். பிஸ்டன் மேலே வந்து இடிக்கும். பிறகு ஹெட்டை இறக்கி, வால்வு, கைட், ஷிம் (வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் சிறு தகடு) எல்லாம் பார்க்க வேண்டும். ஒரு சோடி பெல்ட்டின் விலை அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

இந்த பைக்கின் மீற்றரும் பொய்தான், ஆனால் யாரும் அதைத் திருப்பவில்லை. அது இங்கிலாந்துக்குச் செய்த பைக், மீற்றர் மைலில். 19,000 மைல் என்பது 30,500 கிலோமீற்றருக்கும் மேல். அதாவது காலக் கணக்கை விட்டாலும், தூரக் கணக்கிலேயே பெல்ட் மாற்றும் கட்டம் எப்போதோ கடந்துவிட்டது. வேகமானியில் பெரிய எண்கள் 160க்குப் பக்கத்தில் முடிந்து, உள்ளே சின்ன எழுத்தில் இன்னொரு வரிசை இருந்தால் அது மைல் மீற்றர். விளம்பரத்தில் “19,000” என்று மட்டும் போட்டு அலகு போடாததைக் கவனியுங்கள். தெரியாமல் விட்டதாக நம்ப முடியாது.

அடுத்தது அந்த “எஸ்”. எஸ்.ரி.4எஸ் என்றால் 996 சி.சி., முன் ஃபோர்க் குழாய் தங்க நிறப் பூச்சு, பின்னால் ஓலின்ஸ் என்ற கம்பனியின் ஷொக். வந்து இறங்கிய பைக்கில் ஃபோர்க் சாதாரண வெள்ளி நிறம், பின் ஷொக்கும் ஓலின்ஸ் இல்லை. எஸ்.ரி.4 இன் வாலில் ஓர் “எஸ்” ஸ்ரிக்கர். வேடிக்கை என்னவென்றால் பதிவுப் புத்தகத்தில் 916 சி.சி. என்று சுத்தமாக எழுதியிருக்கிறது. எஸ்.ரி.4 இன் கணக்கு அதுதான். ஸ்ரிக்கரை ஒட்டியவர் புத்தகத்தை வாசிக்கவில்லை, காசு கொடுத்தவரும் வாசிக்கவில்லை. எஸ்.ரி.2 என்றால் 944, எஸ்.ரி.3 என்றால் 992. இந்த நாலு எண்ணையும் போனில் எழுதி வைத்துக்கொண்டு போங்கள். புத்தகத்தில் வேறு ஏதாவது சி.சி. இருந்தால் அந்தப் புத்தகம் அந்த பைக்குடையதே இல்லை.

பிரித்தபோது வெளிவந்த மிச்சமும் சொல்லிவிடுகிறோம். வால்வு மூடியைக் கழற்றினால் ரொக்கர் முகத்தில் குறோம் பூச்சுச் செதிளாக உரிந்திருந்தது. 1999க்குப் பிந்திய, எஸ்.ரி.4 போல சிலிண்டருக்கு நாலு வால்வு உள்ள டுகாட்டி எஞ்சின்கள் பலவற்றில் வந்த பழைய வியாதி இது. உரிந்த துகள் ஒயிலில் கலக்கும், கேம் முகத்தையும் அரிக்கும், வால்வு இடைவெளி சீக்கிரம் கூடிவிடும். அந்தச் சத்தத்தை அமுக்கத்தான் தேன்போலக் கெட்டியான ஒயில் ஊற்றியிருந்தார்கள். ரேடியேற்றருக்குள் கூலன்ற் இல்லை, துருத் தண்ணீர். பற்றரி சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றருக்குப் போகும் மஞ்சள் வயர்களின் இணைப்பு தீய்ந்து கறுத்திருந்தது. இடப்பக்கத்தில், லீவரைப் பிடித்தால் கிளச்சைத் தள்ளும் கிளச் சிலேவ் சிலிண்டரில் இருந்து பிரேக் ஒயில் கசிந்து பெயின்ற் தின்றிருந்தது. படங்கள் எல்லாம் வலப்பக்கத்தில் இருந்து எடுக்கப்பட்ட காரணம் அப்போதுதான் விளங்கியது.

இனி, காசு கொடுக்குமுன் செய்ய வேண்டியது. பகலில் போங்கள், பைக் இருக்கும் இடத்துக்கே போங்கள். முதல் வேலை, கையை எக்ஸோஸ்ற் குழாயில் வைப்பது. சூடாக இருந்தால் பார்வையை நிறுத்திவிட்டு ரீ குடித்துவிட்டு வாருங்கள், குளிரும்வரை. குளிர்ந்த எஞ்சினில்தான் உண்மை வரும். சாவி போட்டதும் பெற்றோல் பம்ப் சில விநாடி இரைந்து நிற்க வேண்டும். ஸ்ராட் பட்டனை அழுத்தும்போது மோட்டார் மட்டும் கிறீச்சென்று சுற்றி எஞ்சின் அசையாவிட்டால், ஸ்ராட்டரின் ஒன்வே கிளச் தேய்ந்திருக்கிறது. பற்றரி பலவீனமாக இருக்கும்போதே திரும்பத் திரும்ப ஸ்ராட் பண்ணினால் அது வரும். அதைப் பார்க்க இடப்பக்க மூடியையும் பிளைவீலையும் கழற்ற வேண்டும், சாதாரண வேலை இல்லை. ஓடும்போது கிளச் லீவரைப் பிடித்தால் வலப்பக்கத்தில் தகரப் பெட்டிக்குள் நாணயம் குலுக்குவதுபோல் சத்தம் வரும். எஸ்.ரி.2, எஸ்.ரி.4 இரண்டும் உலர் கிளச் (ஒயிலில் நனையாதது), அந்தச் சத்தம் நோய் இல்லை. பயப்பட வேண்டியது லீவரை விட்ட பிறகும் மேலே ஹெட்டில் இருந்து கேட்கும் தட்டல்.

மல்ரிமீற்றர் ஒன்று கொண்டு போங்கள். எஞ்சின் நிற்கும்போது பற்றரியில் 12.6 வோல்ற் அளவு, 3,000 சுற்றில் 13.8க்கும் 14.5க்கும் இடையில் வர வேண்டும். 13ஐத் தாண்டாவிட்டால் சார்ஜ் இல்லை. 15க்கு மேல் போனால் ரெகுலேற்றர் பற்றரியை அவிக்கிறது. எந்தப் பக்கம் பிழைத்தாலும் அந்த மஞ்சள் வயர் இணைப்பைக் கையால் இழுத்துப் பாருங்கள். பிளாஸ்ரிக் உருகியிருந்தால் விலையில் பேசுங்கள், அல்லது விடுங்கள்.

பெல்ட்டைப் பார்க்காமல் அட்வான்ஸ் ஒரு சதமும் வேண்டாம். வலப்பக்கக் கீழ்க் கவரைக் கழற்றி, பெல்ட் மூடியின் சின்ன அலன் போல்ற்றுகளை எடுத்தால் போதும், அரை மணி நேர வேலை. விற்பவர் “அதெல்லாம் கழற்ற ஏலாது” என்றால் வீட்டுக்கு வந்துவிடலாம். பல்லின் அடியில் வெடிப்பு, ஓரத்தில் நூல், ஒயில் ஈரம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த பெல்ட்டில் மட்டக்களப்புவரை ஓட்டி வராதீர்கள், லொறியில் ஏற்றுங்கள். நல்லாகத் தெரிந்தாலும், எப்போது மாற்றியது என்பதற்குத் திகதியிட்ட பற்றுச்சீட்டு இல்லையென்றால் பழையது என்றே வைத்து இரண்டையும் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். நாலு வால்வு எஞ்சின் என்றால் வால்வு மூடி ஒன்றையாவது கழற்றி ரோச் அடித்து ரொக்கர் முகத்தைப் பார்க்கக் கேளுங்கள். கண்ணாடிபோல் ஒரே பளபளப்பாக இருக்க வேண்டும், சொறி பிடித்ததுபோல் இருக்கக்கூடாது.

பிறகு நெரிசலில் ஓட்டிப் பாருங்கள். எங்கள் பக்கத்துத் தட்டை வீதியில் நேராக விட்டால் எந்தப் பழைய எஞ்சினும் நன்றாகத்தான் ஓடும், காற்று பட்டுக்கொண்டே இருக்கும். பைக் இங்கேயே விற்பனைக்கு இருந்தால் பின்னேரம் காத்தான்குடிப் பேரீச்சைமரப் பாதையில் ஊர்ந்து போய் வாருங்கள். சூடு 100 பாகையைச் சற்றுத் தாண்டும்போது காற்றாடி தானாகச் சுழன்று மீண்டும் இறக்க வேண்டும். கடற்கரையோரம் நின்ற பைக் என்றால் ரேடியேற்றர் செதிள்களைக் கைவிரலால் தொட்டுப் பாருங்கள். உப்புக் காற்றில் அவை பொடியாக உதிரும். ரயரில் கடைசி நாலு இலக்கம் செய்த கிழமையும் வருடமும்: 2314 என்றால் 2014இன் 23ஆம் கிழமை. பூ இருக்கிறது என்று பழைய ரயரை நம்பாதீர்கள்.

சாவி. பின்னர் வந்த, இம்மொபிலைசர் (பதிந்த சாவி இல்லாமல் எஞ்சினை ஓட விடாத பூட்டு) உள்ள மொடல்களுக்கு ஒரு சிவப்புச் சாவியும் குறியீட்டு அட்டையும் உண்டு. புதுச் சாவி பதிய அந்தச் சிவப்புச் சாவி வேண்டும். “கறுப்புச் சாவி ஒண்டு இருக்கு, அது காணும்” என்பார்கள். அது தொலைந்த அன்று பைக் முற்றத்துக்கு ஒரு சிலைதான்.

பத்திரம் பற்றிச் சுருக்கமாக. டுகாட்டி சேசிஸ் நம்பர் இசட், டி, எம் என்ற மூன்று எழுத்தில் தொடங்கும். மற்ற இத்தாலி பைக்குகளில் மோட்டோ குஸி இசட், ஜி, யு. அப்ரிலியா இசட், டி, 4. ஸ்ரீயரிங் கழுத்தில் அடித்திருப்பதைப் புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சுற்றிலும் புதுப் பெயின்ற், அரம் போட்ட தடம், எழுத்துகள் ஏறி இறங்கியிருத்தல் கண்டால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள். அப்படி ஒன்றை வாங்கினால் பைக்கும் போகும், பொலிசுக்கும் போக வேண்டி வரும். எஞ்சின் நம்பரையும் அப்படியே பாருங்கள். புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று லீசிங் கம்பனி பெயர் இருந்தால் விடுவிப்புக் கடிதம் கைக்கு வரும்வரை காசு இல்லை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு விபரச் சாராம்சத்தை எடுத்து, புத்தகத்தோடு பொருத்திப் பாருங்கள். ஓப்பன் பேப்பர் (திகதி போடாமல் கையெழுத்து மட்டும் வைத்த மாற்றப் படிவம்) என்பது நம்மூரில் வழக்கமாகிவிட்டது, ஆனால் புத்தகத்தில் பெயருள்ளவரும் காசு வாங்குபவரும் வேறு ஆள் என்றால், பிழை வந்த நாளில் இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். கல்முனைக்காரருக்கு நடப்பது இப்போது அதுதான். பெயர் மாற்றும் படிவங்களில் உங்கள் கண்முன்னே திகதி போட்டு, பதிவு உரிமையாளர் கையெழுத்து வைக்க வேண்டும். அதோடு ஒரு வெள்ளைத் தாளில் மொடல், சி.சி., மீற்றர் எண் அலகோடு, கடைசியாக பெல்ட் மாற்றிய திகதி ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். விளம்பரத்தை அன்றே படம் பிடித்து வையுங்கள், விற்றதும் அழித்துவிடுவார்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: விற்றவர் வியாபாரி என்றால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உள்ள நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் முறையிடலாம், 1977க்கு அழைக்கலாம். தனியாள் என்றால் மத்தியஸ்த சபை. எதுவானாலும் பைக்கை நீங்களே பிரிக்காதீர்கள். பெல்ட் மூடியைத் திறக்கும் முதல் நிமிடத்திலிருந்து காணொளி எடுங்கள். உதிர்ந்த பல், பழைய பெல்ட், மூடிக்குள் கிடந்த தூள் எல்லாவற்றையும் பையில் போட்டு வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் இத்தாலி பைக்தான் வேண்டும் என்பவர்களுக்கு எங்கள் எண்ணம் எஸ்.ரி.2. சிலிண்டருக்கு இரண்டே வால்வு, ஷிம் வேலை பாதி. பெல்ட் வேலை அதிலும் அதே அளவுதான். ஷிம் போடத் தெரிந்த கை எங்கே இருக்கிறது, சாமான் எத்தனை கிழமையில் வரும் என்பதை பைக்கைத் தேடுமுன் தேடி முடியுங்கள்.

அதே வியாபாரி இப்போது ஓர் எஸ்.ரி.2 விளம்பரம் போட்டிருக்கிறார். குறைய ஓடினதாம், 14,000, அலகு இல்லை. ஏழு படம், ஏழும் வலப்பக்கம். கேட்பவர்கள் இடப்பக்கக் கிளச் சிலேவ், மீற்றர் முகம், பெல்ட் மூடி திறந்த நிலை ஆகிய மூன்று படத்தையும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.