ஆல்பர்ட்டா ஹண்டரின் ‘ஆம்ட்ராக் ப்ளூஸ்’: இசைத்தட்டு மதிப்புரை

1980இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட ‘ஆம்ட்ராக் ப்ளூஸ்’ இசைத்தட்டை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, தயங்காமல் வாங்குங்கள் என்பதே என் பதில். ஆயினும், எண்பது வயதைக் கடந்த இந்தப் பாடகி எந்த வேலையை முடித்துவிட்டு ஒலிவாங்கியின் முன் வந்து நின்றார் என்பதை அறிந்துகொண்டு கேட்டால், இதிலுள்ள பத்துப் பாடல்களும் வேறு விதமாகக் காதில் விழும்.

1895இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸில் பிறந்த ஆல்பர்ட்டா ஹண்டர், ப்ளூஸ் எனப்படும் கறுப்பின அமெரிக்கர்களின் பாடல் மரபில், 1920களிலேயே சிகாகோவிலும் நியூயார்க்கிலும் பெயர் பெற்றவர். பியானோ கலைஞர் லவி ஆஸ்டினுடன் சேர்ந்து அவர் எழுதிய பாடல் ஒன்றைப் பதிவுசெய்துதான் ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் 1923இல் பெரும்புகழ் அடைந்தார். ஹண்டர் 1928இல் லண்டன் மேடையில், பாடகரும் நடிகருமான பால் ராப்சனுடன் நடித்தார். இத்தனைக்கும் பிறகு, 1950களில் தாயார் மறைந்ததும், மேடையை விட்டுவிட்டுச் செவிலியர் பயிற்சியில் சேர்ந்தார். வயதைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் 12 ஆண்டுகளைக் குறைத்துச் சொன்னார். நியூயார்க்கின் கோல்ட்வாட்டர் நினைவு மருத்துவமனையில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் நோயாளிகளைக் கவனித்தார். 70 வயது ஆகிவிட்டதென்று 1977இல் மருத்துவமனை அவருக்கு ஓய்வளித்தபோது, உண்மையில் அவருக்கு வயது 82. அதே ஆண்டில், நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் பார்னி ஜோசஃப்சன் நடத்திவந்த ‘தி குக்கரி’ உணவகத்தில் பாடத் தொடங்கினார். இறந்த ஆண்டான 1984 வரை பாட்டே அவர் தொழிலாக இருந்தது.

இந்தத் தட்டில் நான் முதலில் கவனித்தது குரலின் வளத்தை அல்ல, சொற்களை அவர் நடத்தும் விதத்தை. குரல் தாழ்ந்திருக்கிறது, சற்றுக் கரகரக்கிறது. மேல் சுரங்களில் நீண்டு நிற்க அவர் முயல்வதும் இல்லை. ஆனால் ஓர் எழுத்துகூடச் சிதைவதில்லை. படுக்கையில் கிடப்பவரின் முகத்துக்கு நேரே குனிந்து, அவருக்குப் புரியும்வரை நிதானமாகப் பேசிப் பழகிய ஒருவரின் உச்சரிப்பு இது என்றே எனக்குத் தோன்றுகிறது. கைவிட்டுப் போன நண்பர்களைப் பற்றிய ‘நோபடி நோஸ் யூ வென் யூ ஆர் டவுன் அண்ட் அவுட்’ பாடலில் அவர் அழுவதில்லை, அழவைக்கவும் பார்ப்பதில்லை. நடந்ததைச் சொல்கிறார், அவ்வளவுதான். அதுவே நெஞ்சை அடைக்கிறது.

யூபி பிளேக்கும் ஆண்டி ராஸஃபும் உருவாக்கிய ‘மை ஹேண்டி மேன் எய்ன்ட் ஹேண்டி நோ மோர்’ முற்றிலும் வேறு வகை. வீட்டு வேலைகளைப் பட்டியலிடுவதுபோலச் சொல்லிக்கொண்டே காதலனின் தளர்ச்சியை முறையிடும் சிலேடைப் பாட்டு இது. இளம்பெண் பாடினால் வெறும் குறும்பாக நின்றுவிடக்கூடிய வரிகள், இவர் வாயில் அனுபவத்தின் தெளிவோடு வருகின்றன. தட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

தலைப்புப் பாடல் ஹண்டரே எழுதியது. ப்ளூஸில் ரயில் பாட்டுகளுக்கு நீண்ட மரபு உண்டு. அந்த மரபுக்குள், 1971இல் ஓடத் தொடங்கிய ஆம்ட்ராக் என்ற அமெரிக்கப் பயணிகள் ரயில் நிறுவனத்தின் பெயரை அவர் கொண்டுவந்து வைத்திருக்கிறார். பழைய நினைவுகளை மட்டும் பாட வந்த மூதாட்டி என்று அவரை ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இந்த ஒரு பெயரே போதும்.

பியானோவில் ஜெரால்டு குக், ஹண்டர் மூச்சு வாங்கும் இடமறிந்து வாசிக்கிறார். டிராம்போனில் விக் டிக்கன்சனும் ட்ரம்பெட்டில் டாக் சீத்தமும் அப்போது எழுபதைக் கடந்தவர்கள்; பாடகியை மறைக்காமல், வரிகளுக்கு இடையே பதில் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தயாரிப்பாளர் ஜான் ஹேமண்ட், பெஸ்ஸி ஸ்மித்தின் கடைசிப் பதிவை 1933இல் நடத்தியவர்.

குறை இல்லாமல் இல்லை. ‘ஸ்வீட் ஜார்ஜியா பிரவுன்’ பலர் பலமுறை பாடித் தேய்ந்த மெட்டு. இவரும் அதற்குப் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. பதிவரங்கத்தின் துப்புரவான ஒலியில், எதிரே அமர்ந்திருப்பவர்களின் சிரிப்பும் மறுமொழியும் இல்லாதது சிலேடைப் பாடல்களில் தெரிகிறது. இருந்தும், அவரே எழுதிய ‘ஐவ் காட் எ மைண்ட் டு ராம்பிள்’ ஒலிக்கும்போது, ஊர் ஊராகத் திரிய மனம் கேட்கிறது என்று அந்த வயதில் அவர் பாடுவதை நம்பாமல் இருக்க என்னால் முடியவில்லை. நான் ஊசியை மறுபடி அந்தப் பாட்டின் தொடக்கத்திலேயே வைத்தேன்.