கருக்கலில் எந்த ஸ்கோப்: 8×56 போதுமா, 3-12×56 வேண்டுமா?

ஜெர்மனியின் வேட்டைச் சட்டப்படி மான் இனங்களைப் பொதுவாகச் சூரியன் மறைந்த ஒன்றரை மணி நேரம் வரைதான் சுடலாம். காட்டுப்பன்றிக்கு அந்த இரவுத் தடை இல்லை. மக்காச்சோளக் கொல்லை ஓரத்துப் பரணில் காத்திருப்பவர் 60 முதல் 120 மீட்டருக்குள், ஏறக்குறைய இருட்டிவிட்ட பிறகுதான் சுட நேரிடும். அதற்கென்றே அங்கே நெடுங்காலமாகப் புழங்குவது, துப்பாக்கி மேல் பொருத்தும் குறிநோக்கியான ஸ்கோப்பில் உருப்பெருக்கம் மாறாத 8×56 வகை: 8 மடங்கு பெருக்கம், 56 மில்லிமீட்டர் முன்லென்ஸ். இப்போது அதற்குப் போட்டியாக நிற்பது, பெருக்கத்தை 3 முதல் 12 மடங்கு வரை மாற்றக்கூடிய 3-12×56.

முன்லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் தெரியும். 8×56 தருவது 7 மில்லிமீட்டர். இருட்டில் இளைஞரின் கண்மணி ஏறத்தாழ அந்த அளவுக்கு விரியும் என்பதால் அவருக்கு ஒளி சிறிதும் வீணாவதில்லை. ஐம்பதைக் கடந்தவரின் கண்மணியோ பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் அளவோடு நின்றுவிடுகிறது. 56 மில்லிமீட்டர் லென்ஸுக்குக் காசு கொடுத்தவர் அதில் 40 மில்லிமீட்டரைத்தான் பயன்படுத்துகிறார். அவரே 3-12×56 ஸ்கோப்பை 11இல் வைத்தால், கற்றை 5 மில்லிமீட்டராகச் சுருங்கி முழுவதும் கண்ணுக்குள் செல்லும். வெளிச்சம் குறையாமலே உருவம் பெரிதாகும். குட்டிகளைப் பேணும் தாய்ப்பன்றியைச் சுடுவது குற்றம் என்பதால், புல்லுக்குள் அசைவது குட்டியா நிழலா என்று பிரித்தறிய அந்தக் கூடுதல் பெருக்கம் பெரிதும் உதவும்.

விலை, எடை, எளிமை ஆகிய மூன்றிலும் 8×56 முந்துகிறது. ஆனால் பன்றி 20 மீட்டரில் வந்து நின்றால் அதன் காட்சிப் பரப்பு குறுகிவிடும். 3-12 உடையவர் வளையத்தைத் திருப்பிப் பெருக்கத்தைக் குறைத்துவிட்டுப் பார்ப்பார்.

பலர் கவனிக்கத் தவறுவது, குறிபார்க்க ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகளைத்தான். கரிய பன்றியின் மேல் மெல்லிய கறுப்புக் கோடு கரைந்து காணாமல் போகும். மூன்று பக்கமும் தடித்த பட்டைகள் உள்ள நான்காம் எண் ஜெர்மன் குறி அப்போதும் தெரியும். நடுவில் ஒளிரும் சிவப்புப் புள்ளி நல்லதுதான், ஆனால் அதை மிக மங்கலாகக் குறைக்க முடிய வேண்டும். இல்லையேல் புள்ளி மட்டும் கண்ணைப் பறித்து, பன்றி மறைந்துவிடும்.

லென்ஸ் பூச்சைப் பற்றி விற்பனையாளர்கள் அதிகமாகவே பேசுகிறார்கள். பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் சுமார் 4 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும். 16 பரப்புகளைக் கடந்தால் பாதிதான் மிஞ்சும். ஜெர்மானிய லென்ஸ் நிறுவனமான ஸைஸின் அலெக்ஸாண்டர் ஸ்மகுலா 1935இல் எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சை உருவாக்கியதன் அருமை அதில்தான் இருக்கிறது. ஆனால் இன்று ஒளியில் 90 விழுக்காட்டைக் கடத்தும் ஸ்கோப்புக்கும் 93 விழுக்காட்டைக் கடத்துவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கண் உணராது. அதற்காகக் கூடுதலாகச் செலவழிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

வயது நாற்பதுக்குள் இருந்து, பரண் வேட்டை மட்டுமே என்றால் 8×56 வாங்கலாம், மற்றவர்களுக்கு 3-12. எதுவானாலும் கடை விளக்கொளியில் பார்த்து முடிவு செய்யாமல், சூரியன் மறைந்து அரை மணி கழித்து வெளியே எடுத்துச் சென்று, மரத்தடிப் புதரில் உள்ள ஒரே கிளையை இரண்டிலும் மாறி மாறிப் பார்க்க வேண்டும்.