டிடிஎல் இல்லாத ஃப்ளாஷ் போதுமா? கோடாக்ஸ் டிடி600 பற்றி

வெளி ஃப்ளாஷ் ஒன்று வாங்கணும், அதிகம் செலவாகக் கூடாது, எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எடுக்கப்போகிற ஆள் நிற்பாரா, ஓடுவாரா? அது தெரியாமல் எந்த மாடலைச் சொன்னாலும் அரைகுறை யோசனைதான். நான் எடுப்பதில் பெரும்பகுதி வீட்டுக்குள் எடுக்கும் முகங்கள், மேஜைமேல் வைத்த பொருள்கள், எப்போதாவது ஒரு விசேஷம். நிற்கிறவர்களும் நிற்கிறவையும்தான் அதிகம். அதனால் என் பையில் இருப்பது கோடாக்ஸ் டிடி600. முழுக்க மேனுவல் ஃப்ளாஷ், டிடிஎல் கிடையாது. அதே கம்பெனியின் டிடிஎல் மாடலான டிடி685 மார்க் 2-க்குப் பக்கத்தில் வைத்தால் விலை ஏறக்குறைய பாதி.

டிடிஎல் என்பது இதுதான். ஷட்டர் திறப்பதற்குச் சற்று முன்னால் ஃப்ளாஷ் ஒரு சின்ன ஒளியை அடிக்கும். லென்ஸ் வழியாகத் திரும்பி வருவதைக் கேமரா அளந்து, இவ்வளவு போதும் என்று ஃப்ளாஷுக்குச் சொல்லும். மேனுவலில் அந்த வேலை நம் தலையில். கேட்கும்போது தொல்லையாகத் தோன்றும். ஆனால் ஆளும் ஃப்ளாஷும் இருக்கும் இடம் மாறாதவரை, ஒருமுறை சரியாக வைத்த அளவு அடுத்தடுத்த படங்களுக்கும் அப்படியே நிற்கும். டிடிஎல்லில் ஒருவர் வெள்ளைச் சட்டையோடு வந்தால் ஒரு வெளிச்சம், அவரே கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டால் வேறொரு வெளிச்சம். அந்த முன் ஒளிக்கே கண்ணை மூடிவிடுகிறவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார், டிடிஎல்லில் அவர் கண் திறந்த படம் அபூர்வம்.

டிடி600-இன் பின்பக்கம் எளிமையானது. ஒரு திரை, சில பொத்தான்கள், ஒரு சக்கரம். சக்கரத்தைத் திருப்பினால் 1/1-இலிருந்து 1/128 வரை, மூன்றில் ஒரு ஸ்டாப் வீதம் ஒளி இறங்கும். முழு ஸ்டாப் கணக்கில் பார்த்தால் ஏழு படி, ஒவ்வொரு படியிலும் ஒளி பாதி. கையேட்டைத் திறக்காமலே பழகிவிடலாம்.

இனி பெட்டியின் மேல் இருக்கும் பெரிய எண். கைடு நம்பர் 60 என்று போட்டிருக்கும். கைடு நம்பரை எஃப் எண்ணால் (லென்ஸின் அப்பர்ச்சர், அதாவது திறப்பு எவ்வளவு என்பதன் அளவு) வகுத்தால், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு) 100-இல் எத்தனை மீட்டர் தூரத்துக்கு ஒளி போதும் என்று கிடைக்கும். 60-ஐ எஃப் 4-ஆல் வகுத்தால் 15 மீட்டர். பெரிய மண்டபத்துக்கே போதும்போல இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். ஃப்ளாஷ் தலைக்குள் இருக்கும் ஜூமை 200 மில்லிமீட்டர் வரை இழுத்து, ஒளியை ஒடுக்கிக் குவித்தால் வரும் எண் அது. கேனனின் பழைய 580இஎக்ஸ் 2-க்குக் கைடு நம்பர் 58, அதற்குப் பின் வந்த 600இஎக்ஸ்-ஆர்டிக்கு 60. முன்னதன் ஜூம் 105 வரை, பின்னதன் ஜூம் 200 வரை. இரண்டையும் 35 மில்லிமீட்டரில் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் 36தான். ஆகவே இரண்டு ஃப்ளாஷை ஒப்பிடும்போது ஒரே ஜூமில் உள்ள எண்ணைத் தேடிப் பாருங்கள். பெட்டிமேல் இருக்கும் எண் விளம்பரம். உண்மையில் இந்த அளவுள்ள ஃப்ளாஷ்கள் எல்லாம் பலத்தில் ஏறக்குறைய ஒன்றுதான், அரை ஸ்டாப் முன்னே பின்னே இருக்கும். அந்த அரை ஸ்டாப்புக்காக யாரும் கடன் வாங்க வேண்டாம்.

எண்ணைவிட முக்கியமானது கழுத்து. மலிவு ஃப்ளாஷில் எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பேன், ஆனால் தலை மேலும் கீழும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் பின்னாலும் திரும்ப வேண்டும். இதில் எனக்குப் பேரமே கிடையாது. கேமராவிலேயே இருக்கும் பாப்-அப் ஃப்ளாஷ் ஏன் முகத்தைக் கெடுக்கிறது? லென்ஸுக்கு மிகப் பக்கத்திலிருந்து, சின்னஞ்சிறு இடத்திலிருந்து, நேராக அடிப்பதால். நெற்றியும் மூக்கு நுனியும் எண்ணெய் தடவியதுபோல மின்னும், கண் சிவக்கும், பின்சுவரில் கறுப்பு நிழல் ஒட்டிக்கொள்ளும். வெளி ஃப்ளாஷை வாங்கி அதையும் நேராகவே அடித்தால், அதே கோளாறு இன்னும் பலமாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

நான் செய்வது இது. தலையைத் தூக்கி, எனக்குப் பின்னால் தோளுக்கு மேலே சுவரும் சீலிங்கும் சேரும் மூலையைப் பார்த்துத் திருப்புவேன். இப்போது எதிரே இருப்பவருக்கு ஒளி வருவது கேமரா மேல் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் சில்லிலிருந்து அல்ல, ஒரு சுவரின் பாதியிலிருந்து. மூக்கின் கீழே விழும் நிழலின் விளிம்பு கரைந்துவிடும். கன்னம் உருண்டையாகத் தெரியும். கண்மணியில் மங்கலாக ஒரு வெளிச்சத் திட்டு. ஜன்னல் ஓரத்தில் எடுத்தீர்களா என்று கேட்பார்கள். மேலும் கீழும் மட்டும் ஆடும் தலையை வைத்து இதைச் செய்ய முடியாது. கேமராவை நெட்டுக்குத் திருப்பினால் அப்படிப்பட்ட ஃப்ளாஷ் சீலிங்கை விட்டுப் பக்கச் சுவரைப் பார்க்கும், நீங்களும் ஒன்றும் செய்ய இயலாது. டிடி600-இன் தலை பக்கவாட்டில் நன்றாகச் சுற்றுகிறது. ஒரு எச்சரிக்கை: சுவர் பச்சையாக இருந்தால் முகமும் பச்சையாகும். சீலிங் கறுத்த மரமாக இருந்தால் ஒளி திரும்பியே வராது.

இப்படிச் சுவரிலோ சீலிங்கிலோ பட்டுத் திரும்ப வைப்பதைத்தான் பவுன்ஸ் என்பார்கள். பவுன்ஸில் ஒளி நிறையப் போய்விடும். சீலிங் வரை போய்த் திரும்பும் தூரம் ஒன்று, வழியில் சிதறுவது இன்னொன்று. அதனால் ஐஎஸ்ஓவை ஏற்றத் தயங்கக் கூடாது. 100-இலிருந்து 400-க்குப் போனால் ஃப்ளாஷின் எட்டும் தூரம் இரட்டிப்பு. வெள்ளைச் சீலிங் உள்ள சாதாரண அறையில் நான் தொடங்கும் அளவு ஷட்டர் 1/160, எஃப் 4, ஐஎஸ்ஓ 400, ஃப்ளாஷ் 1/4. ஒரு படம் எடுத்துப் பார்ப்பேன். முகம் இருட்டாக இருந்தால் ஃப்ளாஷை 1/2-க்கு ஏற்றுவேன், வெளுத்திருந்தால் 1/8-க்கு இறக்குவேன். இரண்டாவது படத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும். பின்னால் எரியும் விளக்கின் மஞ்சள் வெளிச்சமும் படத்தில் வேண்டுமென்றால் ஷட்டரை 1/60-க்கு இறக்குவேன். அதனால் முகத்தில் விழும் ஃப்ளாஷ் வெளிச்சம் மாறாது. ஏனென்றால் ஃப்ளாஷ் முழுபலத்தில் எரிவதே ஏறக்குறைய 1/300 நொடிதான், பலம் குறையக் குறைய அதைவிடவும் சுருங்கும். ஷட்டர் அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. இந்த ஒரு விஷயம் மண்டையில் ஏறிவிட்டால் மேனுவல் ஃப்ளாஷைக் கண்டு பயமே வராது.

மிர்ரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்கள் முதல் நாளே தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மேலே சொன்ன அளவுகளை வைத்தால் வ்யூஃபைண்டர் கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும், ஏனென்றால் ஃப்ளாஷ் அடிக்கப் போவது அதற்குத் தெரியாது. மெனுவில் எக்ஸ்போஷர் ப்ரிவ்யூவை அணைத்துவிட்டால் சரி. அதேபோல சைலன்ட் ஷட்டரில் வைத்திருந்தால் பெரும்பாலான கேமராக்களில் ஃப்ளாஷ் அடிக்கவே அடிக்காது. புது ஃப்ளாஷ் பழுது என்று திருப்பி அனுப்புவதற்கு முன் இந்த இரண்டையும் பாருங்கள்.

டிடி600-இன் குறைக்கு வருகிறேன். கேமரா மேல் பூட்டியிருக்கும்போது இதில் ஹைஸ்பீட் சிங்க், அதாவது மிக வேகமான ஷட்டரோடும் ஃப்ளாஷ் ஒத்துப்போகும் வசதி, கிடையாது. பெரும்பாலான கேமராக்கள் ஃப்ளாஷோடு ஒத்துப்போகும் ஷட்டர் வேகம் 1/200 அல்லது 1/250 வரைதான். அதைத் தாண்டினால் சென்சார் முழுவதும் ஒரே நேரத்தில் திறந்திருக்காது, படத்தில் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும். நல்ல வெயிலில் அகன்ற அப்பர்ச்சரில் ஒருவரை எடுக்க வேண்டுமென்றால் இந்த எல்லை இடிக்கும். ஆனால் இதே ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து இறக்கி, கோடாக்ஸின் எக்ஸ்2டி மாதிரி ஒரு டிரிகரை (தூரத்திலிருக்கும் ஃப்ளாஷை ரேடியோ வழியாக அடிக்கவைக்கும் கருவி) கேமராவில் மாட்டினால், 1/8000 வரை ஹைஸ்பீட் சிங்க் வந்துவிடுகிறது. ரேடியோ ஃப்ளாஷுக்குள்ளேயே இருப்பதால் தனி ரிசீவர் தேவையில்லை. இலவசமாக வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்: ஹைஸ்பீட் சிங்கில் ஃப்ளாஷ் துடித்துத் துடித்து எரிவதால் ஒளி வெகுவாகக் குறையும், ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இந்த ரேடியோதான் டிடி600-ஐ யாங்நுவோ ஒய்என்560 மார்க் 4-க்கு மேலே வைக்கிறது என்பது என் கணக்கு. அதுவும் மேனுவல்தான், அதற்குள்ளும் ரேடியோ இருக்கிறது, பலமும் சமம். ஆனால் எப்படி மாட்டினாலும் ஹைஸ்பீட் சிங்க் இல்லை, இரண்டு கம்பெனி ரேடியோவும் ஒன்றோடொன்று பேசாது. முதல் ஃப்ளாஷ் வாங்கும்போதே எந்தக் குடும்பத்துக்குள் போகிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இரண்டாவது ஃப்ளாஷும் அங்கேதான் வாங்க வேண்டியிருக்கும்.

ஓடுகிறவர்களை எடுப்பவர்களுக்கு நான் டிடி600-ஐச் சொல்ல மாட்டேன். இரண்டு வயதுக் குழந்தை ஒரு நொடியில் அறையின் இந்த முனையில் இருக்கும், அடுத்த நொடியில் உங்கள் காலடியில் இருக்கும். சக்கரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் கேக் வெட்டி முடித்திருப்பார்கள். அதற்கு டிடி685 மார்க் 2. டிடிஎல் உண்டு, கேமரா மேலேயே ஹைஸ்பீட் சிங்க் உண்டு, வளையத்தைத் திருகாமல் சட்டென்று பூட்டிக் கழற்றலாம், வேண்டும்போது மேனுவலுக்கும் மாறலாம். இதற்கும் மேலே வி860 மார்க் 3, லித்தியம் பேட்டரியோடு. முழுபலத்தில் அடித்தாலும் ஒன்றரை நொடிக்குள் அடுத்ததற்குத் தயார். மாதம் முழுக்க விசேஷங்களுக்குப் போகிறவர்களுக்கு அது நியாயமான செலவு. எனக்கு அது அதிகம்.

பேட்டரி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஃப்ளாஷில் மிச்சம் பிடித்த பணத்தை இங்கேதான் போட வேண்டும். டிடி600-க்கு நான்கு டபுள் ஏ செல் வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண ஆல்கலைன் செல்லைப் போட்டால் முதல் சில படங்களுக்கு நன்றாக இருக்கும், அப்புறம் ஒவ்வொரு முறையும் ரெடி விளக்கு எரியும்வரை காத்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆல்கலைனுக்கு 1.5 வோல்ட், ரீசார்ஜபிள் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடுக்கு 1.2 வோல்ட்தான். ஆனாலும் பின்னது மின்னோட்டத்தை அள்ளிக் கொடுக்கும், காரணம் அதன் உள்தடை குறைவு. நான் போடுவது எனலூப் என்ற ரீசார்ஜபிள் செல், அதிலும் கறுப்பு அல்ல, வெள்ளை. கறுப்பில் கொள்ளளவு அதிகம், 2500 எம்ஏஎச். ஆனால் வெள்ளையை அதைவிடப் பல மடங்கு முறை சார்ஜ் செய்யலாம். நான்கு செல்லையும் ஒரே செட்டாக வைத்து, ஒன்றாகவே சார்ஜ் செய்யுங்கள். புதிதோடு பழையதைக் கலந்தால் நான்கும் பழையதன் வேகத்துக்கு இறங்கிவிடும். கொஞ்ச நேரம் சும்மா வைத்தால் ஃப்ளாஷ் தூங்கிவிடும் என்பதும் தெரிந்திருக்கட்டும். முதல் படத்தை நழுவ விடாமலிருக்க, பொத்தானை ஒருமுறை தட்டி எழுப்பிவிட்டு எடுப்பது என் பழக்கம்.

வீட்டுப் பரணில் ஃபிலிம் காலத்து ஃப்ளாஷ் கிடக்கிறது, அதை மாட்டலாமா என்று சிலர் கேட்பதுண்டு. மாட்டாதீர்கள். விவிட்டர் 283 மாதிரிப் பழையவற்றில் சில, ஹாட் ஷூ (கேமரா மேல் ஃப்ளாஷைப் பூட்டும் இடம்) வழியாக 200 வோல்ட்டுக்கு மேல் கேமராவுக்குள் அனுப்பும். ஃப்ளாஷ் வாங்காமல் மிச்சம் பிடித்த பணம் கேமராவைப் பழுது பார்க்கப் போய்விடும்.

உங்கள் கேமராவோடு பொருந்துமா என்பதைக் கடைசியாக அல்ல, முதலிலேயே பார்க்க வேண்டும். டிடி600 ஹாட் ஷூவின் நடுவில் இருக்கும் ஒற்றைப் பின்னை மட்டும் நம்பி வேலை செய்கிறது. ஆகவே கேனன், நிக்கான், ஃபுஜி எதுவானாலும் சரி. சோனிக்கு மட்டும் டிடி600எஸ் என்று தனி மாடல். கேனனிலும் 250டி போன்ற சில தொடக்கநிலைக் கேமராக்களில் அந்த நடுப் பின்னையே எடுத்துவிட்டார்கள், அவற்றில் இது அடிக்காது. கேமராவின் மேல்பக்கத்தைக் குனிந்து பாருங்கள், நடுவில் வட்டமாக ஒரு உலோகப் புள்ளி தெரிந்தால் கவலை இல்லை. டிரிகர் வாங்கும்போது அது கேமரா கம்பெனிக்கு உரியதா என்று பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள்: கேனனுக்கு சி, நிக்கானுக்கு என், சோனிக்கு எஸ், ஃபுஜிக்கு எஃப், ஒலிம்பஸுக்கும் பானசோனிக்குக்கும் ஓ. பின்னாளில் கேமரா கம்பெனியை மாற்றினாலும் டிரிகரை மட்டும் மாற்றிக்கொண்டு இதே ஃப்ளாஷைத் தூர வைத்து அடிக்கலாம்.